ஆர்.சி. டாங்கியில் ஸ்டிக் அமைப்பை மாற்றுதல்: ஸ்பிரிங் முதல் மிக்ஸிங் வரை

இந்தப் பதிவுக்கு அடிப்படை, ரேடியோவால் இயக்கும் 1/16 அளவு ஷெர்மன் டாங்கி மாடல். இரண்டு ட்ராக்குக்கும் (சங்கிலிப் பட்டைக்கும்) தனித்தனி 380 வகை பிரஷ்டு மோட்டார், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), டரெட்டை (பீரங்கிக் கோபுரத்தை) சுழற்ற ஒரு சின்ன மோட்டாரும் அதற்கொரு குட்டி ஈ.எஸ்.சி.யும், பீரங்கிக் குழலை ஏற்றி இறக்க ஒரு சர்வோ (சொன்ன கோணத்தில் நிற்கும் சிறு மோட்டார்), 2 செல் 7.4 வோல்ட் பேட்டரி, 8 சேனல் ரிசீவர். டிரான்ஸ்மிட்டர் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் ஓடும் இரட்டை ஸ்டிக் ரேடியோ. வேறு அளவு, வேறு கட்டுப்பாட்டு போர்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். பெட்டியோடு வரும் ரிமோட்டை மட்டும் வைத்து மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு.

ஸ்டிக் மாற்றத்தில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. வேகத்தையும் திருப்பத்தையும் கலக்கும் மிக்ஸிங் இரண்டு இடத்தில் நடக்கிறது, அல்லது எங்குமே நடக்கவில்லை. அது எங்கே நடக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் நடக்கும்படி செய்துவிட்டால் மிச்சமெல்லாம் எண்களைச் சரிசெய்யும் வேலைதான்.

எந்த அமைப்பு?

டாங்கி ஓட்டுபவர்கள் மூன்று விதமாக ஸ்டிக்கை வைத்துக்கொள்கிறார்கள். ஒற்றை ஸ்டிக் முறையில் ஒரே கட்டைவிரல் வேகத்தையும் திருப்பத்தையும் பார்த்துக்கொள்ளும். மற்ற ஸ்டிக் முழுக்க டரெட்டுக்கும் குழலுக்கும். பிரித்த முறையில் இடது ஸ்டிக்கின் மேல்–கீழ் அசைவு வேகம், வலது ஸ்டிக்கின் பக்க அசைவு திருப்பம். மூன்றாவது இரட்டை நெம்புகோல் முறை: இடது ஸ்டிக் இடது ட்ராக், வலது ஸ்டிக் வலது ட்ராக், இரண்டும் மேல்–கீழாக மட்டும்.

ஓடிக்கொண்டே குறிவைக்க வேண்டும் என்றால் ஒற்றை ஸ்டிக்கை விட்டால் வேறு வழியில்லை. ஒரு கை வண்டிக்கு, ஒரு கை பீரங்கிக்கு. அதன் குறை, திருப்பும்போது கட்டைவிரல் நேர்கோட்டில் போகாமல் வளைவாக நகர்வதால் வேகம் தானாகக் குறைவது. பிரித்த முறையில் அந்தக் குறை இல்லை. நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓட்டவும், மேடேறும்போது நூலிழையாகத் திருப்பவும் அது நல்லது. ஆனால் இரண்டு கட்டைவிரலும் ஆளுக்கு இரண்டு வேலை பார்க்க வேண்டும். இரட்டை நெம்புகோல் கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும். கை பழகிய பிறகு, குறுகலான இடத்தில் ஒரு ட்ராக்கை மட்டும் அரை அங்குலம் நகர்த்துவதற்கு அதற்கு ஈடாக எதுவும் இல்லை. படம் எடுப்பவர்களுக்கும், தடைகளுக்கு நடுவே ஓட்டுபவர்களுக்கும் எங்கள் பரிந்துரை அதுதான்.

அசல் வண்டி எப்படி இயங்கியது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஷெர்மனிலும் டி-34லும் ஓட்டுநர் கையில் இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. டி-34ல் ஒரு பக்க நெம்புகோலை இழுத்தால் அந்தப் பக்க கிளட்ச் விலகி, பிறகு பிரேக் பிடிக்கும். ஷெர்மனில் கட்டுப்பாட்டு டிஃபரன்ஷியல் ஒரு பக்கத்தை மெதுவாக்கும். இரண்டுமே நின்ற இடத்தில் ட்ராக்குகளை எதிரெதிர்த் திசையில் சுழற்றித் திரும்ப முடியாதவை. டைகர் 1ல் ஸ்டீயரிங் சக்கரம். அதன் இரட்டை டிஃபரன்ஷியல் அமைப்பால் நியூட்ரலில் நின்ற இடத்திலேயே திரும்ப முடிந்தது. எம்1 ஏப்ரம்ஸில் மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார் போன்ற பிடி. அசலைப் போலவே நகர வேண்டும் என்று விரும்புகிறவர் டி-34க்கும் டைகருக்கும் ஒரே மிக்ஸைப் போடக் கூடாது. இதற்கான எண்கள் கீழே வருகின்றன.

கலக்குவது யார்?

வண்டியை ஒரு மரக்கட்டையின் மேல் தூக்கி வையுங்கள், இரண்டு ட்ராக்கும் தரையைத் தொடாதபடி. ஸ்டிக் வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். மிக்ஸில் ஒரு கூட்டல்–கழித்தல் குறி தவறினால்கூட வண்டி முழு வேகத்தில் மேசையிலிருந்து கீழே பாயும்.

ஒரு சர்வோ டெஸ்டர் (குமிழைத் திருப்பினால் ரிசீவர் போலச் சிக்னல் கொடுக்கும் கருவி) இருந்தால் சோதனை சுலபம். ரிசீவரிலிருந்து வரும் வேகச் சேனலின் வயரைக் கழற்றி டெஸ்டரில் செருகுங்கள். மற்ற சேனல் ரிசீவரிலேயே நடுவில் இருக்கட்டும். டெஸ்டருக்கும் ரிசீவருக்கும் மின்சுற்றின் தரை (கிரவுண்ட்) இணைப்பு பொதுவாக இருக்க வேண்டும். குமிழைத் திருப்பும்போது இரண்டு ட்ராக்கும் சேர்ந்து ஓடினால் கலப்பது போர்டு. ஒரு ட்ராக் மட்டும் ஓடினால் அது கலப்பதில்லை. டிரான்ஸ்மிட்டர்தான் கலக்க வேண்டும். டெஸ்டர் இல்லாவிட்டால், ரேடியோவில் புது மாடல் ஒன்று திறந்து, ஒரு ஸ்டிக் ஒரு சேனல் என்று எந்தக் கலப்பும் இல்லாமல் வைத்து அதே சோதனையைச் செய்யலாம்.

ஒலி, விளக்கு, புகை எல்லாம் சேர்ந்த டாங்கி போர்டுகள் பெரும்பாலும் தாமே கலந்துகொள்கின்றன. தனித்தனி ஈ.எஸ்.சி. இரண்டு போட்ட வண்டிகளில் கலப்பு டிரான்ஸ்மிட்டரில். இரண்டு இடத்திலும் கலந்தால் அறிகுறி தெளிவாகத் தெரியும்: ஸ்டிக்கை நேராக மேலே தள்ளினால் ஒரு ட்ராக் மட்டும் ஓடும், பக்கவாட்டில் சாய்த்தால் மற்ற ட்ராக் மட்டும் ஓடும். கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். வேகமும் திருப்பமும் கூட்டியது ஒரு சேனல், கழித்தது மறு சேனல். அந்த இரண்டையும் மறுபடி கூட்டிக் கழித்தால் மூல வேகமும் மூல திருப்பமும்தான் திரும்பக் கிடைக்கும். இதைப் பார்த்து மோட்டாரையோ ஈ.எஸ்.சி.யையோ மாற்றுவது வீண்.

தேவையானவை

மல்டிமீட்டர், சிறிய பிளஸ் திருப்புளி, வளைந்த முனை ட்வீசர், ஒரு முழ நீளத் தையல் நூல், மெல்லிய முனை சால்டரிங் அயர்ன், 0.8 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய சால்டர், ஹீட் ஷ்ரிங்க் குழாய், மாஸ்கிங் டேப், பேனா. ஸ்டிக்குக்கு உதிரி மையப்படுத்தும் நெம்பும் ஸ்பிரிங்கும் தேவைப்படலாம். ரேடியோ வாங்கிய பெட்டியின் அடியில் ஒரு சின்னப் பையில் அவை கிடக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

ஈ.எஸ்.சி. பற்றி ஒரு வார்த்தை. கார்களுக்கான ஈ.எஸ்.சி. பலவற்றில் பின்னோக்கி இழுத்தால் முதலில் பிரேக், விட்டு மறுபடி இழுத்தால்தான் ரிவர்ஸ். டாங்கிக்கு இது ஆகாது. நின்ற இடத்தில் திருப்ப ஒரு ட்ராக் உடனே பின்னால் ஓட வேண்டும். பிரேக் இல்லாமல் நேரடியாக முன்–பின் போகும் முறைக்கு ஜம்பர் இருந்தால் அதை மாற்றுங்கள். இரண்டு ஈ.எஸ்.சி.யிலும் ரிசீவருக்கு மின்சாரம் தரும் 5 வோல்ட் பி.இ.சி. இருந்தால், ஒன்றின் சிவப்பு வயரை மட்டும் பிளக்கிலிருந்து கழற்றி ஹீட் ஷ்ரிங்க் போட்டு மடித்துவிடுங்கள். இரண்டு பி.இ.சி.யும் ஒரே ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்தால் வோல்டேஜ் சற்று அதிகமான ஒன்றே முழுச் சுமையையும் சுமந்து சூடாகும்.

திராட்டில் ஸ்டிக்கை மையத்துக்குத் திரும்ப வைத்தல்

விமானங்களுக்கான ரேடியோவில் திராட்டில் அச்சு கையை விட்ட இடத்தில் நிற்கும். டாங்கியில் அந்த அச்சு ஒரு ட்ராக்கை ஓட்டப்போகிறது என்றால், கையை விட்டதும் நடுவுக்கு வந்தாக வேண்டும். இதை மென்பொருளில் ஈடுகட்ட முடியாது.

பேட்டரியைக் கழற்றுங்கள். பின்மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்து மெதுவாகத் திறங்கள். இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஆன்டெனா, பேட்டரி வயர்கள் ஓடும், வெடுக்கென்று இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். திறந்ததும் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஸ்டிக் கூட்டின் ஒரு பக்கத்தில் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று பல்வரிசை மீதோ வழுவழுப்பான வளைவு மீதோ அழுத்திக்கொண்டிருக்கும். திராட்டிலை நிற்க வைப்பது அதுதான். அதன் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் அழுத்தம் போய்விடும். பட்டையையே எடுத்துவிடுவது நல்லது. தளர்ந்த பட்டை நடுப்புள்ளிக்கு அருகே உரசி, ஸ்டிக்கைச் சற்றுத் தள்ளி நிற்க வைக்கும்.

அடுத்தது மையப்படுத்தும் நெம்பு. பல ரேடியோக்களில் அது ஏற்கெனவே உள்ளே இருக்கும், ஒரு ஸ்க்ரூ அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஸ்க்ரூவை விட்டுக்கொடுத்தால் நெம்பு இறங்கி வேலை செய்யத் தொடங்கும். சிலவற்றில் ஸ்டிக்கின் முன்பக்கத்தில் இதற்கென ஓட்டையே உண்டு, மூடியைத் திறக்கவே வேண்டாம். நெம்பு இல்லாத கூட்டில் உதிரியைப் பொருத்த வேண்டும்: நெம்பின் ஒரு முனை அச்சாணிக் குழியில் உட்கார, அதன் தட்டையான பகுதி ஸ்டிக் அச்சின் இரு தோள்களிலும் சமமாகப் படிய, மறு முனையின் கொக்கியில் ஸ்பிரிங் மாட்ட வேண்டும். ஸ்பிரிங்கின் கீழ்க் கொக்கியை முதலில் மாட்டி, மேல் கொக்கிக்குள் நூலை வளையமாகக் கோத்து இழுத்து மாட்டினால் தெறிக்காது. மாட்டிய பிறகு நூலின் ஒரு முனையை உருவிவிடலாம். ட்வீசரால் மட்டும் இழுத்தால் ஸ்பிரிங் பறந்து போவதும் கொக்கி நீண்டுபோவதும் சகஜம்.

இரட்டை நெம்புகோல் அமைப்பில் இடது, வலது ஸ்டிக்குகளின் இறுக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். இழுவிசையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ இருந்தால் இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சமயத்தில் தள்ளிப்பார்த்து, கனமாக உள்ள பக்கத்தைத் தளர்த்துங்கள். இங்கே வித்தியாசம் இருந்தால் எவ்வளவு கவனமாகத் தள்ளினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

உதிரி நெம்பு கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஸ்டிக் கூடு சதுரமாக, நான்கு மூலையிலும் ஒரே இடைவெளியில் ஸ்க்ரூ உள்ளதாக இருந்தால், முழுக் கூட்டையும் கழற்றி 90 பாகை திருப்பிப் பொருத்தலாம். மையத்துக்குத் திரும்பும் அச்சு மேல்–கீழாக வந்துவிடும், நின்ற இடத்தில் நிற்கும் அச்சு பக்கவாட்டில் போய்விடும். அந்த அச்சைக் குழல் சர்வோவுக்குக் கொடுத்தால் அது நன்மையாகவே முடியும்; வைத்த உயரத்தில் குழல் நிற்கும். டரெட் மோட்டாருக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள், கோபுரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மூடிய பிறகு ஸ்டிக் கேலிபரேஷன் கட்டாயம். ஸ்பிரிங் போட்ட அச்சின் நடுப்புள்ளி பழைய கணக்கில் 0 ஆக இருக்காது.

பெட்டியோடு வந்த ரிமோட்டில் வயர் மாற்றுதல்

நிரல் எழுத முடியாத ரிமோட்டில் இடது, வலது ஸ்டிக்குகளின் வேலையைப் பரிமாற முடியும். முதலில் ஸ்டிக் படிப்படியாக வேகம் கொடுக்கும் வகையா, வெறும் சுவிட்ச் வகையா என்று பாருங்கள். ஸ்டிக்கின் பக்கத்தில் வட்டமான பொட்டென்ஷியோமீட்டரும் அதிலிருந்து மூன்று வயரும் இருந்தால் படிப்படி வகை. அதன் மதிப்பு பெரும்பாலும் 5 கிலோ ஓம். இரு ஓரக் கால்களில் ஒன்று மின்சாரம், ஒன்று தரை. நடுக்கால் சிக்னல்.

ரிமோட்டை இயக்கி, மீட்டரின் கருப்பு முனையைத் தரையில் வைத்து நடுக்காலை அளந்தால், ஸ்டிக் நடுவில் இருக்கும்போது மின்சார வோல்டேஜில் ஏறத்தாழ பாதி வர வேண்டும், 3.3 வோல்ட் என்றால் 1.65 பக்கம். ஸ்டிக்கை ஆட்டினால் அது இரு பக்கமும் சம அளவு நகர வேண்டும். 0 முதல் 3.3 வரை முழுக்கப் போகாது; ஸ்டிக்கின் அசைவு பொட்டென்ஷியோமீட்டரின் முழுச் சுற்றில் ஒரு பங்குதான்.

நான்கு அச்சுகளின் சிக்னல் வயர்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். அதன் பிறகு நடுக்கால் வயர்களை மட்டும் பரிமாறுங்கள். ஓர வயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டு ஸ்டிக்கையும் முழுமையாக மாற்ற நான்கு சிக்னல் வயர்களைச் சால்டர் செய்ய வேண்டும். ஸ்டிக்குகள் ஒரே மாதிரிப் பிளக்கில் போர்டுடன் இணைந்திருந்தால், கால்களின் வரிசை ஒன்றுதானா என்று மீட்டரால் உறுதிசெய்துகொண்டு பிளக்குகளையே மாற்றிச் செருகலாம். ஏதேனும் ஓர் அச்சு தலைகீழாக வேலை செய்தால் அந்தப் பொட்டென்ஷியோமீட்டரின் ஓர வயர்கள் இரண்டையும் பரிமாறினால் திசை திரும்பும்.

ஹால் சென்சார் ஸ்டிக்கில் இந்தக் கடைசி வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கேயும் மூன்று வயர்தான் இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது காந்தப்புலத்தை அளக்கும் சிப். மின்சாரத்தையும் தரையையும் மாற்றிக் கொடுத்தால் அது செத்துப்போகும். சிக்னல் வயரை மாற்றலாம், திசையை மென்பொருளில்தான் மாற்ற முடியும்.

நடுப்புள்ளியைச் சற்று நகர்த்தும் டிரிம் பொத்தான்கள் போர்டில் இருப்பவை. வயர் மாறினாலும் அவை பழைய சேனலோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்றிய பின் ஓட்டத்தின் டிரிம் எதிர்ப்பக்கம் போய்விடும் என்பதை ரிமோட்டில் எழுதி ஒட்டுங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: வயர் பரிமாற்றத்தால் இரட்டை நெம்புகோல் அமைப்பு வராது. போர்டு தன் உள்ளே கலந்துகொண்டே இருக்கும். அதற்கு நிரல் எழுதக்கூடிய ரேடியோ வேண்டும், வழக்கமான ரிசீவர் சிக்னலை ஏற்கும் போர்டோ தனி ஈ.எஸ்.சி.களோ வேண்டும்.

எட்ஜ்டிஎக்ஸில் மிக்ஸ்

கீழே சொல்வதெல்லாம் மோடு 2 ரேடியோவுக்கு: இடது ஸ்டிக்கின் மேல்–கீழ் திராட்டில், பக்க அசைவு ரட்டர், வலது ஸ்டிக்கின் மேல்–கீழ் எலிவேட்டர், பக்க அசைவு ஐலரான். ஸ்டிக் மோடு அமைப்பை மாற்றி வேலையை முடிக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். அது ரேடியோ முழுமைக்குமான அமைப்பு, அதே ரேடியோவில் பறக்கும் விமானத்தின் ஸ்டிக்கும் சேர்ந்து மாறிவிடும். மாற்றம் அந்த மாடலின் மிக்ஸஸ் பக்கத்துக்குள் மட்டுமே நடக்கட்டும்.

புது மாடலைத் திறந்ததும் தானாக வரும் நான்கு மிக்ஸ் வரிகளை அழித்துவிடுங்கள். அவை இருந்தால் புது வரிகளோடு சேர்ந்து கூடும். பிறகு ஒரு ஒழுங்கு: முன்னே என்றால் நேர் எண், வலது என்றால் நேர் எண் (எண்கள் எல்லாம் சதவீதம்). மிக்ஸில் இந்த விதியை மீறாதீர்கள். மோட்டார் எதிர்த்திசையில் ஓடினால் மோட்டாரின் இரண்டு வயர்களை மாற்றுங்கள், அல்லது அவுட்புட்ஸ் பக்கத்தில் ரிவர்ஸ் கொடுங்கள். திசைத் தவறை மிக்ஸின் குறிகளை மாற்றிச் சரிசெய்தால் அடுத்த மாற்றத்தின்போது எது எதற்காக வைத்தது என்றே தெரியாது.

ஒற்றை ஸ்டிக், வலது கையில், போர்டு கலக்காத வண்டிக்கு: சேனல் 1 இடது ட்ராக், எலிவேட்டர் 100, அதன் கீழே ஐலரான் 60. சேனல் 2 வலது ட்ராக், எலிவேட்டர் 100, ஐலரான் கழித்தல் 60. ஏன் 60? இரண்டையும் 100 வைத்தால் நின்ற இடத்தில் லேசாகச் சாய்த்ததும் வண்டி பம்பரமாகச் சுற்றும். இரண்டையும் 50 வைத்தால் எந்த ட்ராக்கும் வரம்பு மீறாது, ஆனால் நேராகப் போகும்போது பாதி வேகம்தான் கிடைக்கும். சாதாரண ரேடியோக்களில் ஆயத்தமாக இருக்கும் எலிவான் எனும் விமான மிக்ஸைப் போட்டுவிட்டு வண்டிக்கு வலுவில்லை என்று தேடுபவர்கள் இந்த 50ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும். 100க்கு 60 என்றால் முழு வேகம், முழுத் திருப்பத்தில் வெளி ட்ராக் 160 ஆகி 100ல் வெட்டப்படும், உள் ட்ராக் 40ல் ஓடும். வண்டி நிற்காமல் அகலமாகத் திரும்பும். நின்ற இடத்தில் இரண்டும் எதிரெதிராக 60ல் ஓடும். ரப்பர் ட்ராக்குக்கு 60 போதும். உலோக ட்ராக்கோடு கனமான வண்டி கரடான தரையில் திரும்ப மறுத்தால் 75 வரை ஏற்றலாம்.

பிரித்த முறைக்கு எலிவேட்டருக்குப் பதில் திராட்டில் என்று மட்டும் மாற்றினால் போதும்.

இரட்டை நெம்புகோல், போர்டு கலக்காத வண்டிக்கு, இருப்பதிலேயே எளிது: சேனல் 1 திராட்டில் 100, சேனல் 2 எலிவேட்டர் 100. கலப்பே கிடையாது.

அதே இரட்டை நெம்புகோல், தானே கலக்கும் போர்டுக்கு என்றால் தலைகீழ் மிக்ஸ் தேவை. போர்டு எதிர்பார்ப்பது வேகமும் திருப்பமும். கையில் இருப்பது இடதும் வலதும். வேகச் சேனலில் திராட்டில் 50, எலிவேட்டர் 50. திருப்பச் சேனலில் திராட்டில் 50, எலிவேட்டர் கழித்தல் 50. இடது ஸ்டிக் மட்டும் முழுக்க மேலே என்றால் வேகம் 50, திருப்பம் 50. போர்டு கூட்டினால் இடது 100, கழித்தால் வலது 0. இரண்டு ஸ்டிக்கும் எதிரெதிராக என்றால் வேகம் 0, திருப்பம் 100. வண்டி நின்ற இடத்தில் திரும்பும். இங்கே 50 வலுவைக் குறைக்காது, போர்டுக்குள் அது மறுபடி 100 ஆகிவிடுகிறது. சில போர்டுகள் திருப்பத்தைத் தாமே குறைத்துக் கலக்கின்றன. அப்போது ஒரு ஸ்டிக்கை மட்டும் தள்ளினாலும் மற்ற ட்ராக் மெல்ல ஊரும். அது நிற்கும்வரை திருப்பச் சேனலின் இரண்டு எண்களையும் சேர்த்து 60, 70 என்று ஏற்றுங்கள்.

ரேடியோவில் மிக்ஸ் வசதியே இல்லை என்றால் ரிசீவருக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் இதே கணக்கைச் செய்யும். இரண்டு சேனல்களின் பல்ஸையும் படித்து நடுப்புள்ளியான 1500 மைக்ரோ செகண்டைக் கழித்து, கூட்டலில் பாதி, வித்தியாசத்தில் பாதி, மறுபடி 1500ஐச் சேர்த்து, 1000க்கும் 2000க்கும் நடுவே கட்டுப்படுத்தி வெளியே அனுப்ப வேண்டும். 100 மில்லி செகண்ட் பல்ஸ் வராவிட்டால் இரண்டுக்கும் 1500 அனுப்பும் வரியை மறக்காதீர்கள்.

கிளட்ச்–பிரேக் நடத்தை

டி-34 போல, நின்ற இடத்தில் திரும்பாமல், ஓடும்போது உள்பக்க ட்ராக் மட்டும் மெதுவாகி நிற்கும் நடத்தை வேண்டுமானால் திருப்பத்தை வேகத்தால் பெருக்க வேண்டும். இந்த வேலையிலேயே மிகுந்த நிறைவு தந்தது இந்தப் பகுதிதான். ரிசீவருக்குப் போகாத இரண்டு சேனல்களை எடுத்துக்கொள்ளுங்கள், 10ம் 11ம். சேனல் 10ல் முதல் வரி ஐலரான் 100, ஃபங்ஷன் எக்ஸ் பூஜ்யத்துக்குக் குறைவு. இரண்டாவது வரி எலிவேட்டர் 100, மல்டிப்ளை. சேனல் 11ல் முதல் வரி ஐலரான் 100, ஃபங்ஷன் எக்ஸ் பூஜ்யத்துக்கு மேல். இரண்டாவது வரி எலிவேட்டர் 100, மல்டிப்ளை. பிறகு சேனல் 1ல் எலிவேட்டர் 100, சேனல் 10 கூட்டல் 100. சேனல் 2ல் எலிவேட்டர் 100, சேனல் 11 கழித்தல் 100.

சேனல் மானிட்டரில் பாருங்கள். வேகம் 60, வலது சாய்வு 0 என்றால் இரண்டும் 60. பாதி சாய்த்தால் இடது 60, வலது 30. முழுக்கச் சாய்த்தால் வலது 0. வேகம் 0 என்றால் எவ்வளவு சாய்த்தாலும் எதுவும் நகராது.

ரிவர்ஸில் இதன் அழகு தெரியும். சாதாரணக் கூட்டல் மிக்ஸில் பின்னே போகும்போது வலது சாய்த்தால் முகம் வலதுபுறம் திரும்பும், வால் இடப்புறம் போகும். கார் ஓட்டிப் பழகிய கைக்கு இது எதிர்மாறாகத் தோன்றும். பெருக்கல் மிக்ஸில் வலது ட்ராக் பின்னோட்டத்திலும் நின்றுபோவதால் வால் வலப்பக்கமே போகும். கூட்டல் மிக்ஸ் வைத்திருப்பவர்கள் லாஜிக்கல் சுவிட்ச் போட்டு ரிவர்ஸில் திருப்பத்தின் குறியை மாற்றுவதுண்டு. அதை நாங்கள் சொல்ல மாட்டோம். நின்ற இடத்தில் திரும்பிக்கொண்டிருக்கும்போது வேகம் பூஜ்யத்தைச் சற்றுத் தாண்டினால் வண்டி திடீரென்று எதிர்ப்பக்கம் உதறும், கியர் பற்கள் அந்த அடியைத் தாங்காது.

நேராக ஓட வைத்தல்

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் ட்ராக் இறுக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்க ஐட்லர் (ட்ராக்கை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம்) அதிகம் இறுக்கியிருந்தால் அந்தப் பக்க மோட்டார் சுமை கூடி மெதுவாகும். இரண்டும் சமம் என்ற பிறகே எண்களுக்கு வாருங்கள்.

இடது, வலது மோட்டார்கள் கண்ணாடிப் பிம்பமாகப் பொருத்தப்பட்டிருப்பதால் வண்டி முன்னே போகும்போது ஒன்று ஒரு திசையில், மற்றது எதிர்த்திசையில் சுழல்கிறது. பிரஷ்டு மோட்டார் சிலவற்றில் பிரஷ் கோணம் ஒரு திசைக்குச் சாதகமாக வைக்கப்பட்டிருக்கும். அந்தத் திசையில் அது வேகமாக ஓடும். ஆகவே முன்னே போகும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தால் பின்னே போகும்போது எதிர் மோட்டார் வேகமாகும். டிரிம்மால் இதைச் சரிசெய்ய முடியாது. டிரிம் நடுப்புள்ளியையே நகர்த்திவிடும், வண்டி நின்ற நிலையில் ஒரு மோட்டார் முனகும். அவுட்புட்ஸ் பக்கத்தில் வேகமான மோட்டாரின் மேல் வரம்பை மட்டும் 100லிருந்து 94, 93 என்று குறையுங்கள். கீழ் வரம்பைத் தனியாகச் சோதித்து மறு மோட்டாரில் குறையுங்கள். தரையில் 4 மீட்டர் நீளத்துக்கு டேப் ஒட்டி அதன் மேல் ஓட்டிப்பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

இரட்டை நெம்புகோலில் இரண்டு கட்டைவிரலும் துல்லியமாக ஒரே உயரத்தில் நிற்பது அரிது. முழுக்க மேலே தள்ளினால் நேராகப் போகும், பாதி வேகத்தில் வளையும். இதற்கு ஒரு சுவிட்ச் ஒதுக்கலாம்: சேனல் 2ல் கடைசி வரியாகத் திராட்டில் 100, ரீப்ளேஸ், அந்தச் சுவிட்ச் போட்டால் மட்டும். சுவிட்ச் போட்டிருக்கும்போது இரண்டு ட்ராக்கும் இடது ஸ்டிக்கையே பின்பற்றும்.

அசல் எடையின் உணர்வுக்கு வேக வரியில் மட்டும் ஸ்லோ (மதிப்பை மெல்ல மாற்றும் அமைப்பு) 0.5 முதல் 1 விநாடி வைக்கலாம். திருப்ப வரியில் வைக்காதீர்கள். கை விட்ட பிறகும் வண்டி திரும்பிக்கொண்டே இருக்கும். இரட்டை நெம்புகோலில் வேகமும் திருப்பமும் ஒரே ஸ்டிக்கில் இருப்பதால் அங்கே ஸ்லோ வேண்டாம், நடுவில் ஸ்டிக்கை மென்மையாக்கும் எக்ஸ்போ 25 முதல் 30 போதும்.

டரெட்டும் குழலும்

இரட்டை நெம்புகோலில் மிஞ்சுவது இரண்டு பக்க அசைவுகள். டரெட்டை இடது ஸ்டிக்கின் ரட்டருக்குக் கொடுங்கள், குழலை ஒரு சுழல் குமிழுக்கு. வலது ஸ்டிக்கின் பக்க அசைவைக் காலியாக விட்டுவிடுவதே நல்லது. ஸ்டிக்கை மேலே தள்ளும்போது கட்டைவிரல் சற்றே பக்கவாட்டிலும் நகரும். ஒவ்வொரு முறையும் டரெட் துடிக்கும். இதைத் தடுக்க டரெட் சேனலில் தனிப்பயன் வளைவு ஒன்று: 5 புள்ளிகள், கிடை மதிப்புகள் −100, −10, 0, 10, 100, நெடு மதிப்புகள் −100, 0, 0, 0, 100. நடுவில் 10 வரை எந்த அசைவும் டரெட்டுக்குப் போகாது. ட்ராக் சேனல்களுக்கும் இதே வளைவை 10க்குப் பதில் 4 வைத்துக் கொடுத்தால், ஸ்பிரிங் துல்லியமாக நடுவுக்கு வராத ஸ்டிக்கிலும் மோட்டார் முனகாது.

துப்பாக்கி ஒலிக்கும் பின்னுதைப்புக்கும் விரலை எடுத்தால் திரும்பும் சுவிட்ச். நிலைத்து நிற்கும் சுவிட்சில் வைத்தால் அடுத்த முறை வண்டியை இயக்கியதுமே சுடும்.

சிக்னல் போனால்

எட்ஜ்டிஎக்ஸில் 100 என்பது 2012 மைக்ரோ செகண்ட், −100 என்பது 988, நடு 1500. விமானத்தில் சிக்னல் போனால் திராட்டில் 988க்கு இறங்க வேண்டும், என்ஜின் நிற்கும். டாங்கியில் 988 என்பது முழு வேக ரிவர்ஸ். விமானப் பழக்கத்தில் அமைத்த ஃபெயில்சேஃபை (சிக்னல் போனால் ரிசீவர் கொடுக்கும் மதிப்பை) அப்படியே விட்டால், ரேடியோவின் பேட்டரி தீர்ந்த நொடியில் பல கிலோ எடையுள்ள வண்டி பின்னோக்கிப் பாயும். இரண்டு ட்ராக் சேனலுக்கும் டரெட்டுக்கும் ஃபெயில்சேஃபைக் கஸ்டமில் 0 வையுங்கள். ஹோல்ட் என்பது கடைசி ஸ்டிக் நிலையையே தொடரும். அதுவும் அதே அளவு ஆபத்து.

மாடல் செட்டப்பில் திராட்டில் எச்சரிக்கையை அணையுங்கள். நடுவில் நிற்கும் ஸ்டிக்கைக் கீழே இறக்கச் சொல்லி ரேடியோ ஒவ்வொரு முறையும் நிறுத்திவைக்கும். சில சாதாரண ரேடியோக்களில் இதை அணைக்க முடியாது, இயக்கும்போது ஸ்டிக்கைக் கீழே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அவற்றில் ரேடியோவை முதலில் இயக்கி, ஸ்டிக்கை விட்டுவிட்டு, பிறகே வண்டியின் சுவிட்சைப் போடுங்கள்.

சோதனை வண்டி கட்டையின் மேல் இருக்கும்போதே. இரண்டு ட்ராக்கையும் பாதி வேகத்தில் ஓட விட்டு ரேடியோவை அணையுங்கள். சற்று நேரத்துக்குள் இரண்டும் நிற்க வேண்டும். ஒன்று நின்று மற்றது ஓடினால் அந்தச் சேனலின் மதிப்பு பதிவாகவில்லை. ரிசீவரை ரேடியோவோடு மறுபடி இணைத்தாலோ (பைண்ட்), வேறு ரிசீவர் மாற்றினாலோ சேமித்த ஃபெயில்சேஃப் அழிந்துபோகலாம். அதன் பிறகு வண்டியைத் தரையில் இறக்கும் முன் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.